மின்லாரிக்கு மானியம் உண்டு, மின்னூட்ட இடம் எங்கே?

தேக்காவில் கடை திறக்கும் முன்பே காய்கறியும் அரிசி மூட்டையும் வந்து இறங்கியாக வேண்டும். அவற்றைச் சுமந்துவரும் வண்டிகள் டீசலிலிருந்து மின்சாரத்துக்கு எப்படி மாறும் என்பதே தளவாடத் துறையின் இன்றைய கேள்வி.

2040க்குள் எல்லா வாகனங்களும் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது சிங்கப்பூரின் இலக்கு. புதிய டீசல் கார், டாக்சிகளின் பதிவு 2025 ஜனவரி 1ல் நிறுத்தப்பட்டது. சரக்கு வாகனங்களுக்கு அந்தத் தடை இல்லை. அங்கு ஊக்கத்தொகையே வழி. 2026 ஜனவரி முதல், 3,500 கிலோவுக்கு மேற்பட்ட மின்லாரி ஒன்றுக்கு 40,000 வெள்ளி மூன்று ஆண்டுகளில் பிரித்து வழங்கப்படுகிறது.

பெரிய நிறுவனம் தன் கிடங்கிலேயே மின்னூட்டி அமைத்துக்கொள்ளலாம். இரவில் வண்டி நிற்கும்போதே மின்னேறிவிடும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவருக்குக் கிடங்கு ஏது? வீவக கார்நிறுத்துமிடத்தில் நிற்கும் வேனுக்கு, 2030க்குள் 60,000 மின்னூட்டு முனைகள் அமைக்கும் திட்டம் கைகொடுக்கலாம். லாரி நிற்பதோ கனரக வாகன நிறுத்துமிடத்தில். பகலில் மின்னேறக் காத்திருந்தால் ஒரு நடை போச்சு.

ஆகவே, வண்டி விலைக்குத் தரும் ஆதரவு மட்டும் போதாது. லாரிகள் இரவில் நிற்கும் இடங்களுக்கு மின்னூட்டிகள் வர வேண்டும். இல்லாவிட்டால், பசுமைப் போக்குவரத்தைக் கேட்கும் வாடிக்கையாளர்கள் பெரிய நிறுவனங்களிடம் போய்விடுவர். சிறு உரிமையாளருக்கு மிஞ்சுவது பழைய டீசல் வண்டிதான்.