ஏரியைக் காத்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வேடந்தாங்கல் போய் வந்தேன் என்று சொன்னதும் ஒரு தோழர் சிரித்தார். "பேங்க் உத்தியோகம் வந்துட்டா பறவை பாக்கிற ஆசையும் வந்துடும் போல." கூட்டத்தில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அந்தக் கிண்டலுக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. ஏரிக்கரையில் மர நிழலில் சும்மா நடப்பது, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பது, பிள்ளைக்கு நாரையைக் காட்டுவது, இதெல்லாம் யாருடைய சந்தோஷம்? நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யார் முடிவு செய்தது? அந்த முடிவை நாம் ஏன் இயக்கத்துக்குள்ளும் சுமந்துகொண்டு திரிகிறோம்?

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. செங்கல்பட்டு தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். ஏரி சின்னதுதான், சுமார் 30 ஹெக்டேர். ஏறி இறங்க மலையில்லை, முள்ளுக்காடு இல்லை. கரை மேலேயே நடை. கிழவிக்கும் குழந்தைக்கும் கால் நோகாது. ஒரு பக்கம் தண்ணீர். தண்ணீருக்குள்ளேயே கூட்டம் கூட்டமாக நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. உட்கார பெஞ்சு உண்டு, ஏறிப் பார்க்கக் கோபுரம் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிறைந்தால் பறவைகள் வந்து கூடு கட்டும். பங்குனி வரை கூட்டம் இருக்கும். நாங்கள் போனது தை மாதம். நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா என்று மரத்துக்கு மரம் குடியிருப்பு. நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு தண்ணீரில் மிதக்கிறதே, அதற்குப் பெயர் நாமக்கோழி. இந்த நாட்டில் கோழிக்கும் நாமம் போட்டுத்தான் பேர் வைக்கிறார்கள்.

என் ஆபீசில் உடன் வேலை செய்கிறவர்கள் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்துப் போனோம். வந்தவர்கள் எல்லாரும் பறவை பார்த்தார்கள். என் அம்மா கரையைப் பார்த்தாள்.

"கலங்கல் எந்தப் பக்கம்டா? மதகு எத்தினி?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. குனிந்து கரை மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். "கர நல்லாத்தான் போட்டுக்கிறாங்க" என்றாள். எங்கள் ஊர் ஏரிக்கரையில் கூடை தூக்கியவள் அவள். வயசுப் பெண்ணாக இருந்தபோது கூலிக்குத் தூக்கினாள். 2006க்குப் பிறகு நூறு நாள் வேலையிலும் அதே கரையில் அதே மண்ணைத் தூக்கினாள். அவள் அப்பா, என் தாத்தா, அந்த ஏரிக்கு நீர்க்கட்டி.

நீர்க்கட்டி என்றால் என்ன என்று இன்றைக்கு நம் மாணவர்களுக்கே தெரியாது. மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவன் வேலை. எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணீர் என்று கணக்கு வைத்து மடை மாற்றி விடுவது அவன் வேலை. மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கக் கரையில் நடந்து, எலி வளை, நண்டு வளை, நீர்க்கசிவு எங்கே என்று காலாலேயே தடவிக் கண்டுபிடிப்பதும் அவன் வேலை. கரை உடையும் என்று தெரிந்தால் சேரியை எழுப்பிக் கூட்டி வர வேண்டும். கூலி அறுப்புக் களத்தில் அளந்து போடும் நெல். தமிழகத்தின் பல ஏரிகளில் இந்த வேலை தலைமுறை தலைமுறையாகத் தலித்துகளின் தலையில் இருந்தது. ஊர் முழுக்கத் தண்ணீர் பங்கு வைத்த என் தாத்தாவுக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவர் மகள் அந்த ஏரியின் ஊர்ப்படித்துறையில் குடம் முக்க முடியாது. சேரிக்குக் கடைவாய்ப் பக்கம் தனி இடம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு நான் செய்தது என்ன? உடன் வந்தவர் ஒருவர் நடந்துகொண்டே கேட்டார். "உங்க ஊர்லயும் ஏரி உண்டா? உங்க நிலம் ஏரிப்பாசனமா, கிணத்துப் பாசனமா?" நல்ல மனுஷர்தான். ஆனால் இந்த நாட்டில் நிலத்தைப் பற்றிய கேள்வி எதைப் பற்றிய கேள்வி என்று நமக்குத் தெரியும். "ஏரிப்பாசனம்தான் சார்" என்றேன். கவிதையில் கலகம் செய்கிற வாய், கரையில் பொய் சொன்னது. பின்னால் வந்த அம்மா விடவில்லை. "நெலம் ஏதுங்க சார் எங்களுக்கு. எங்கப்பாதான் அந்த ஏரிக்கு நீர்க்கட்டி. அவர் தொறந்து வுட்டாத்தான் ஊருக்கே தண்ணி." சொல்லிவிட்டுப் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் குரலில் கூச்சமில்லை. படித்த எனக்கு வராதது அவளுக்கு எங்கிருந்து வந்தது? கரையை அவள் தன் வேலையாகப் பார்த்தாள். நான் சாதி அடையாளமாகப் பார்த்தேன். இந்த வித்தியாசத்தில்தான் நம் அரசியல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வேடந்தாங்கலைப் பற்றி எல்லாரும் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. 1790களில் கும்பினிச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள்; ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லியோனல் பிளேசிடம் முறையிட்டார்கள்; சுடக்கூடாது என்று அவர் கவுல் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைத்தான் சரணாலயத்தின் பிறப்புச் சான்றிதழாகக் காட்டுகிறார்கள். 1936இல் அங்கீகாரம், 1998இல் சுற்றிலும் 5 கி.மீ. வரை சரணாலயம், 2022இல் ராம்சார் பட்டியல் என்று அது வளர்ந்து வந்திருக்கிறது.

அதே கலெக்டரைப் பற்றி அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மதுராந்தகத்தில் இன்னொரு கதை. பெரிய ஏரி. பெருமழை. கரை உடையப் போகிறது. கலெக்டர் பிளேஸ் ராத்திரியில் போய்ப் பார்க்கிறார். வில் பிடித்த இரண்டு பேர் கரையில் காவல் நிற்கிறார்கள். ராமனும் லட்சுமணனுமாம். கரை தப்பியது. கோயிலில் தாயார் சன்னதிக்குக் கலெக்டர் திருப்பணி செய்தார். சாமிக்குப் பேரே 'ஏரி காத்த ராமர்'.

பக்தி உள்ளவர்கள் நம்பட்டும். நான் கேட்பது ஒன்றுதான். கொட்டுகிற மழையில், நடு ராத்திரியில், உடையப்போகிற கரையில் இரண்டு உருவங்கள் நின்றன என்றால் அது யாராக இருக்கும்? ஊரெல்லாம் கதவடைத்துத் தூங்கும்போது ஏரிக்கரையில் இருந்தாக வேண்டியவன் எவன்? கையில் இருந்தது வில்லா, மண்வெட்டியா? நீர்க்கட்டியின் பேத்தி வயிற்றில் பிறந்தவர்களும் மகள் வயிற்றில் பிறந்தவர்களும் இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? ஒரு கதையில் கலெக்டர் காத்தார், இன்னொன்றில் கடவுள் காத்தார். மண் சுமந்தவன் இரண்டிலும் இல்லை.

பறவைகளை 'ஊர்' காத்தது என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பயிர் செழிக்கும். அதனால் பறவையைக் காப்பது நிலமுள்ளவனுக்கு லாபம். நல்ல காரியந்தான், மறுக்கவில்லை. ஆனால் நிலமில்லாத கூலிக்காரனும் அந்தப் பறவைமேல் கல்லெறியாமல் இருந்திருக்கிறான். அவனுக்கு என்ன லாபம்? எந்த உரம் எந்த வயலுக்கு? அவன் வயிற்றுப் பசியோடு காத்தது கணக்கில் வருவதில்லை. 'ஊர்' என்ற சொல்லே சேரியை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்லும் சொல்லாயிற்றே. இன்றைக்கு அந்தக் கிராமத்தில் இருப்பவர்கள்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வரலாற்றை எழுதுகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

இதே செங்கல்பட்டில் இன்னொரு கலெக்டரும் காகிதம் எழுதினார். 1891இல் திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். அதையொட்டி 1892இல் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. பறவைக்குக் கொடுத்த காகிதம் செல்லுபடி ஆயிற்று. நமக்குக் கொடுத்த காகிதம் என்ன ஆயிற்று? 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். பறவையைச் சுடக்கூடாது என்று ஆணை போட்ட மாவட்டம் இது.

இப்போது தோழரின் சிரிப்புக்கு வருகிறேன். நிலம், கூலி, வன்கொடுமை என்று ஆயிரம் பிரச்சினை இருக்க ஏரிக்கரை நடை ஒரு விஷயமா? விஷயந்தான். 1927 மார்ச் 20 அன்று மஹாடில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போனது ஒரு குளத்துக்குத்தான். நகராட்சி ஏற்கெனவே திறந்துவிட்டதாகச் சொன்ன சவதார் குளம். ஆடு மாடு குடிக்கலாம், நாம் குடிக்கக் கூடாது. போய்க் குடித்தார்கள். அடி விழுந்தது. குளத்தில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றித் 'தீட்டு' கழித்தார்கள். உயர் நீதிமன்றம் நம் உரிமையை ஒத்துக்கொள்ள 1937 ஆயிற்று. அங்கே போனது தாகத்துக்காக மட்டும் அல்ல, மனிதர் என்று நிறுவுவதற்காக. தண்ணீர்க் கரையில் நிற்கும் உரிமையில் தொடங்கியவர்கள், அந்தக் கரையில் ஓய்வாக நிற்பதை ஆடம்பரம் என்று சொல்லலாமா? உழைப்பதற்கு மட்டும் கரை, ரசிப்பதற்கு இல்லை என்பது மனு வகுத்த பங்கீடு. அதை நாம் ஏன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்?

இன்னொன்றும் நடக்கிறது. நகரத்தில் ஏரிக்கும் ஆற்றுக்கும் கரை கட்டி, புல் வைத்து, நடைபாதை போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பல இடங்களில் நடைபாதைக்கு முன்னால் புல்டோசர் வருகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளப்பிப் பெரும்பாக்கத்தில் கொண்டு போய் விட்டார்கள். பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி! குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளன்; சதுப்பிலேயே கட்டடம் கட்டியவன் வளர்ச்சி. அப்புறம் அந்தக் கரையில் யார் காலை நடை போவது? பறவை வேண்டும் என்கிறவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. 2020இல் வேடந்தாங்கலின் 5 கி.மீ. வளையத்தைச் சுருக்கும் யோசனை வந்தபோது எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். நாமும் அதில் நிற்க வேண்டியவர்கள். ஏரி செத்தால் முதலில் கூலி இழப்பவர்கள் நாம். ஆனால் 'இயற்கை'யைக் காக்கிறேன் என்று வருகிறவர்களிடம் அந்த இயற்கைக்குக் கூடை சுமந்தவனையும் சேர்த்துக் காக்கச் சொல்வோம்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் இல்லை. முதலில், மாணவர் தோழர்கள் தங்கள் ஊர் ஏரிக்குப் போங்கள். நீர்க்கட்டி வேலை செய்த பெரியவர்கள் இன்னும் நாலு பேர் உயிரோடு இருப்பார்கள். மதகின் பெயர், தண்ணீர் முறை, களத்தில் அளந்த நெல், கரை உடைந்த ராத்திரி எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அவர்கள் போய்விட்டால் ராமன் கதை மட்டும் மிஞ்சும். இரண்டாவது, வேடந்தாங்கல் போன்ற இடங்களில் கலெக்டர் பெயரைச் சொல்கிற இடத்தில் கரை போட்டவர்களையும் நீர்க்கட்டிகளையும் சொல்லும்படி எழுதிக் கேட்போம். மூன்றாவது, ஏரியில் மீன் ஏலம், காவல் வேலை, வண்டி நிறுத்தம், கடை என்று எங்கெல்லாம் காசு வருகிறதோ அங்கெல்லாம் சேரிக்குப் பங்கு எங்கே என்று கிராமசபையில் கேட்போம்.

நாலாவது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சும்மா நடங்கள். காரணம் சொல்லிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. என் மகள் அன்றைக்குக் கூழைக்கடாவின் அலகுப்பையைப் பார்த்துவிட்டு, "ஆயா, அது பேங்க் மாதிரி மீனச் சேத்து வெச்சிக்குது" என்றாள். அவளுக்கு ஏரி என்றால் இனிமேல் அதுவும்தான். ஆயா தூக்கிய கூடையையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். இரண்டும் அவளுடையது.

அடுத்த தை மாதம் மறுபடியும் போகிறோம். சிரித்த தோழரும் வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். வர விரும்புகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு வாருங்கள். அம்மாவும் வருகிறாள். கலங்கல் எந்தப் பக்கம் என்று அன்றைக்கே விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அவளே காட்டுவாள்.