குச்சவெளியிலிருந்து ஒரு பட்டம்: பிந்திப் படிக்க வருபவர் அரசறிவியலைத் தேரும்போது

திருகோணமலையிலிருந்து குச்சவெளிக்குப் போகும் பஸ், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தைத் தாண்டித்தான் செல்கிறது. அங்கே பிரயோக விஞ்ஞானம் உண்டு, தொடர்பாடலும் வணிகக் கற்கைகளும் உண்டு, சித்த மருத்துவம் உண்டு. அரசறிவியல் இல்லை. அதற்கு நூறு கிலோமீற்றருக்கு அப்பால் வந்தாறுமூலைக்குப் போக வேண்டும்.

பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இது பெரிய தடையல்ல. விடுதியில் தங்கிப் படிக்கலாம். முப்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகளோடு, முன்பள்ளியில் சிறு கொடுப்பனவுக்கு வேலைசெய்யும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். இப்பிரதேசத்தில் அப்படியானவர்கள் அரிதல்லர். 1984இல் தென்னமரவாடி மக்கள் விரட்டப்பட்டார்கள். அடுத்து திரியாய் இடம்பெயர்ந்தது. மிஞ்சிய கரையோரக் கிராமங்களை 2004 டிசம்பர் 26இல் கடல் எடுத்தது. 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு மாவிலாற்றில் யுத்தம் மீண்டும் மூண்டது. அந்த ஆண்டுகளில் உயர்தரம் படித்த தலைமுறையில் பலருக்குப் படிப்பு பாதியிலேயே நின்றது.

அவர்களுக்கு வழமையான வாசல் இப்போது இல்லை. உள்வாரி அனுமதி அந்தந்த ஆண்டின் பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் உரியது. மூன்று தடவைக்குமேல் தோற்றியவருக்கு இடமும் இல்லை. இலவசக் கல்வி என்று நாம் பெருமை பேசும் ஏற்பாடு, குறித்த வயதில் வரிசையில் நிற்க முடிந்தவர்களுக்கானது. வரிசையையே யுத்தம் கலைத்துவிட்டதென்றால், பிறகு வருபவர் வெளிவாரி மாணவராகப் பணம் கட்டித்தான் படிக்க வேண்டும். மகாபொல புலமைப்பரிசிலும் அவருக்கில்லை. யுத்தத்தால் பிந்தியவர்களுக்கென ஒரு கட்டணச் சலுகையைக்கூட நமது அரசியல்வாதிகள் உரக்கக் கேட்டதாக நினைவில்லை.

வெளிவாரிப் பட்டம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தவர்கள் எழுதியதே லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைதான். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை அதுவே இந்த நாட்டின் பட்டம். குறை பெயரில் இல்லை; கற்பித்தலில் இருக்கிறது. பெரும்பாலும் பல்கலைக்கழகம் பதிவுசெய்து பரீட்சை வைக்கும். கற்பிப்பது நகரத்து ரியூசன் வகுப்பு. ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்க்குமுன் மூன்று விடயங்களைக் கேட்டறிய வேண்டும்: பாடக்குறிப்பு எந்த மொழியில் வரும், வகுப்பும் பரீட்சையும் எங்கே நடக்கும், ஒரு பாடத்தில் தவறினால் மீண்டும் எழுத எவ்வளவு காலம் தருவார்கள்.

கிழக்கு, யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களின் வெளிவாரிக் கலைமாணிக்கு உயர்தரச் சித்தி தேவை. அது இல்லாதவருக்குத் திறந்த பல்கலைக்கழகமே வழி. அடிப்படைக் கற்கையை முடித்து அங்கே பட்டத்துக்குள் நுழையலாம். மட்டக்களப்பில் பிராந்திய நிலையமும் இருக்கிறது. ஆனால் அங்கே தொடர் மதிப்பீட்டில் தேவையான புள்ளி பெறாதவர் இறுதிப் பரீட்சைக்கு அமர முடியாது. வீடும் வேலையும் பார்த்துக்கொண்டு படிப்பவர் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெளிநாட்டுப் பட்டம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் இன்னொரு பொறி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தைப் பார்க்காமல் ஒரு சதமும் கட்டக்கூடாது.

இனி, ஏன் அரசறிவியல்? "லேசான பாடம், அரசாங்க வேலை கிடைக்கும்" என்பதே ஊரில் கிடைக்கும் பதில். 2017இல் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் அமர்ந்திருந்ததை நாம் பார்த்தோம். அதற்குமேல் வயதெல்லையும் உண்டு. நாற்பதைத் தாண்டிப் பட்டம் முடிப்பவருக்கு நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சை மூடிய கதவு. ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவருக்கு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை உண்டு. அவருக்கு இப்பட்டம் உதவும். வேலைக்காக மட்டும் படிக்க நினைப்பவர் முதலில் ஆட்சேர்ப்பு வர்த்தமானியைப் பார்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பதே நல்லது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுவே வலுவானதாகப் படுகிறது. குச்சவெளிப் பிரதேசத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தினமும் முட்டிக்கொள்வது சட்டத்தோடுதான். வயலுக்குப் போனால் தொல்பொருள் எல்லைக்கல், விறகுக்குப் போனால் வன இலாகா. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் எந்த அதிகாரிக்கு என்ன அதிகாரம் தருகிறது? 2020இல் கிழக்குக்கென அமைக்கப்பட்ட தொல்பொருள் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லாமல் போனது எப்படி? 13ஆவது திருத்தத்தில் காணி மாகாணத்துக்கு என்று எழுதியிருக்க, அரச காணி மத்திக்கே என்று 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் எந்த வாசகத்தை வைத்துத் தீர்ப்பளித்தது? 2017இல் கலைந்த கிழக்கு மாகாண சபையின் அதிகாரம் யார் கையில் போனது? இவை யாவும் அரசறிவியல் கேள்விகள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அப்படிச் சபைக்குப் போனவர்கள், வரவுசெலவுத் திட்டத்தை வாசித்து எதிர்க்கேள்வி கேட்பதற்கும் இந்தப் படிப்பு உதவும்.

ஆனால் எல்லாப் பாடத்திட்டமும் அதைத் தராது. பிளேட்டோவிலும் மொண்டெஸ்கியூவிலும் தொடங்கி மனனக் குறிப்போடு முடிகிற பாடங்கள் உண்டு. பொது நிர்வாகம், அரசியலமைப்பு, உள்ளூராட்சி ஆகியவற்றுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துத் தேர வேண்டும். தமிழில் நூல்கள் குறைவு என்பதும் உண்மை. பேராதனையில் அரசறிவியலின் முதற் பேராசிரியராக இருந்த ஏ. ஜே. வில்சனின் முக்கிய நூல்கள்கூட ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. முதலாம் ஆண்டிலேயே ஆங்கில வாசிப்பைச் சிறிது சிறிதாகப் பழகாதவர் மூன்றாம் ஆண்டில் திணறுவார்.

இந்தப் பொறுப்பு மாணவருடையது மட்டுமல்ல. வெளிவாரி அரசறிவியலின் வார இறுதி வகுப்புகளையும் பரீட்சையையும் கோணேசபுரிக்குக் கொண்டுவரும்படி கிழக்குப் பல்கலைக்கழகத்திடம் நமது பிரதேச சபை உறுப்பினர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் கேட்கலாம். புதிய கட்டடம் தேவையில்லை. குச்சவெளியிலிருந்து காலையில் புறப்படும் பஸ் அந்த வளாகத்தின் பக்கமாகத்தான் போகிறது.