மூன்றாவது பிள்ளை யாருக்குப் பாரம்?

குடும்பமொன்று வசதியாக வாழ்ந்துகொண்டே மூன்றாவது பிள்ளையையும் வளர்த்தெடுக்க முடியுமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, வெறும் வீட்டுக் கணக்காகவே தோன்றும். வருவாய் இவ்வளவு, செலவு இவ்வளவு என்று கூட்டிக் கழித்து விடை காணத்தக்க ஒன்றென்றே பலரும் கருதுவர். ஆயின் இவ்வினா எல்லாரிடத்தும் ஒரே குரலிற் கேட்கப்படுவதில்லை. கொழும்பிலோ கண்டியிலோ உத்தியோகம் பார்க்கும் தம்பதியர் இதனைத் தமக்குள்ளே கேட்டுக்கொள்வர், விடையும் அவர்களுடையதே. மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவை மலைச்சரிவுகளிற் கொழுந்தெடுக்கும் பெண்ணிடத்தில் இதனைக் கேட்போர் வேறு பலர். தோட்ட நிருவாகம் கேட்கின்றது, சுகாதாரப் பகுதி கேட்கின்றது, அரசாங்கம் கேட்கின்றது, அவளுக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் தலைவர்களும் சில வேளைகளிற் கேட்கின்றனர். விடையை எழுதி வைத்துக்கொண்டுதான் அனைவரும் கேட்கின்றனர் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

வறியவரின் வறுமைக்கு அவர்தம் பிள்ளைப்பேறே காரணம் என்னும் கருத்து புதியதன்று. 1798 இல் மல்தூஸ் பாதிரியார் எழுதிய நூல் முதல் அது அவ்வப்போது புதுச்சட்டை அணிந்து வந்துகொண்டேயிருக்கின்றது. மலையகத்தைப் பொறுத்தவரை வியப்பளிப்பது யாதெனில், இக்கருத்து இங்கு எப்போதும் இருந்ததில்லை என்பதே. கோப்பிக் காலத்தில் மன்னாரிற் கரையிறங்கி, காட்டுவழியே தம்புள்ளையும் நாலந்தையும் கடந்து மாத்தளையை அடைந்தோர் பெரும்பாலும் பருவகால ஆண் தொழிலாளர். அறுவடை முடியத் திரும்பிச் சென்றவர்கள். 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கைகள் தேவைப்பட்டன. ஆகவே ஆணோடு பெண்ணும், பெண்ணோடு பிள்ளையும் தோட்டத்திற் குடியிருத்தப்பட்டனர். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்கு ஆண், பெண், பிள்ளை என மூவகைச் சம்பளங்களுக்கு வகை செய்தது. பிள்ளைக்கெனத் தனிச் சம்பள விகிதம் வைத்திருந்த அக்காலத்தில், குடும்பத்திற்கு மூன்றாவது பிள்ளை கட்டுபடியாகுமா என்று எந்தத் துரையும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் பிறந்தபோதும் பேரேட்டில் அவை வருங்காலத் தொழிலாளராகவே பதிந்தன. தோட்டத்திற்குக் கை தேவைப்பட்டபோது பிள்ளை செல்வம். தோட்டங்கள் சுருங்கி, கைகள் மிகுந்தபோது பிள்ளை சுமை. இடையில் மாறியது தாயின் மனமன்று, கணக்கெழுதுவோரின் தேவையே.

‘வசதி’ என்னும் சொல்லையும் சற்றே சோதித்தல் வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாளொன்றுக்கான அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் ஒரு நாளேனும் தவறாது மாதம் 25 நாள் வேலை செய்கின்றனர் என்றும், இருவருக்கும் எல்லா நாளும் முழுப்பேர் கிடைக்கின்றதென்றும் வைத்துக்கொள்வோர் வைத்துக்கொள்ளட்டும். ஒருவருக்கு 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிய 31,050. இருவருக்குமாக 62,100. தந்தை, தாய், இரு பிள்ளைகள் என நால்வராகப் பங்கிட்டால் ஆளுக்கு 15,525 ரூபா. அவ்வாண்டிலே தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் ஒருவர் உயிர்வாழ்வதற்கு மாதமொன்றுக்கு வேண்டிய ஆகக்குறைந்த செலவெனக் கணித்த உத்தியோகபூர்வ வறுமைக்கோடோ 16,000 ரூபாவுக்கு மேற்பட்டது.

இக்கணக்கின் பொருளை நிதானமாக மனங்கொள்ளுதல் தகும். மூன்றாவது பிள்ளை பிறந்தபின் அக்குடும்பம் வறுமைக்கோட்டின் கீழ் விழவில்லை. இரண்டாவது பிள்ளையோடு, எல்லா உபதேசங்களையும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த நிலையிலேயே, அது கோட்டின் கீழ்தான் நிற்கின்றது. மூன்றாவது பிள்ளை வந்தால் ஆளுக்கு 12,420 ரூபா ஆகும் என்பது உண்மை. துன்பம் பெருகும் என்பதும் உண்மை. ஆனால் அத்துன்பத்தைப் பிள்ளை கொண்டுவரவில்லை. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று கடல் கடந்தும் ஒலித்த சுலோகம் இருவரோடு நிறுத்தியவர்களுக்கு ஒரு வாழ்வை வாக்களித்தது. அந்த வாழ்வு தோட்டத்துச் சம்பளச் சீட்டில் இல்லை. மேலதிகக் கிலோவுக்குப் பணம் உண்டே எனச் சிலர் வாதிப்பர். உண்டுதான். குறித்த கிலோவை எட்டாத நாளின் அரைப்பேரும், மழையும் வறட்சியும் வேலை நாளைக் குறைப்பதும், முற்பணம், சந்தா எனச் சீட்டில் நீளும் பிடிப்பனவுகளும் மறுபுறத்தில் உண்டு. மாத்தளையின் நடுத்தர உயரத் தோட்டங்களில், தேயிலை பல இடங்களில் இறப்பருக்கும் கொக்கோவுக்கும் மிளகுக்கும் வழிவிட்டு நிற்கும் நிலையில், மாதம் 25 நாள் வேலை என்பதே பெருந்தன்மையான ஊகமாகும். அரசுடைமையான தோட்டங்களிற் கழித்துக்கொண்ட சேமலாப நிதியே ஆண்டுக்கணக்கில் உரிய இடத்திற் செலுத்தப்படாது நிலுவையாகக் கிடந்தமை பாராளுமன்றத்திலும் பேசப்பட்ட செய்தி. பொதுக் கணக்கெடுப்பும் இதற்கு மாறாகப் பேசவில்லை. 2019 ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நாடு முழுவதிலும் வறியவர் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். அது 2022 இன் பொருளாதார நெருக்கடிக்கு முற்பட்ட நிலை.

சட்டமும் இவ்விடயத்தில் நடுநிலை வகித்ததில்லை. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பெண்களுக்கும் உரியது. 1980களில் அதனைத் திருத்தியோர், முதல் இரு பிள்ளைகளுக்கும் 12 வாரம், அதாவது 84 நாள், சம்பளத்துடன் விடுமுறை வழங்கினர்; மூன்றாவது பிள்ளை முதல் அதனைச் செம்பாதியாக்கி 42 நாளோடு நிறுத்தினர். மக்கட்பெருக்கத்தைத் தடுப்பதே இதன் உட்கிடை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயின் மூன்றாம் பேற்றில் ஒரு பெண்ணின் உடல் முதற்பேற்றிலும் இருமடங்கு விரைவாகத் தேறும் என்று எந்த மருத்துவ நூல் கூறுகின்றது? மூன்றாவதாகப் பிறந்த குழந்தைக்கு முலைப்பால் பாதிக்காலம் போதும் என்று எந்த வைத்தியர் சொன்னார்? பேற்றுக்கு முன்னான இரண்டு வாரத்தையும் கழித்தால், பிறந்து ஒரு மாதமே ஆன சிசுவைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு, தையல் ஆறாத வயிற்றோடும் தலையிற் கொளுவிய கூடையோடும் தாய் மலையேற வேண்டியிருந்தது. அலுவலக மேசையில் அமர்ந்திருப்பவளுக்கு இது அநீதி. செங்குத்தான சரிவில் நாள் முழுவதும் நின்று பறிப்பவளுக்கு இது தண்டனை. தண்டனை பெற்றது தாய் மட்டுமன்று. எந்த முடிவிலும் பங்கு கொள்ளாத குழந்தையும்தான். மூன்று தசாப்தங்களுக்கு மேலாக நிலைத்த இவ்வேறுபாடு 2018 இன் திருத்தத்தாலேயே நீங்கி, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் என்றாயிற்று. மே தின மேடைகளிற் சம்பளத்திற்காக முழங்கிய தொழிற்சங்கங்கள், 42 நாளைப் பற்றி அதே உரத்த குரலில் முழங்கியிருப்பின் அது முன்னரே நீங்கியிருக்கக்கூடும். அங்கத்தவரிற் பெண்கள் பெருந்தொகையினராயும் தலைவர்கள் ஏறத்தாழ அனைவரும் ஆண்களாயும் இருந்த சங்கங்களில் இது நிகழாதது ஆச்சரியமன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்ததே 1984 இலேதான்.

இனி, கருத்தடைச் சத்திரசிகிச்சை. 1980 இல் அரசாங்கம் நிரந்தரக் கருத்தடை செய்துகொள்வோருக்குப் பணம் வழங்கும் திட்டத்தை ஆரம்பித்தது. விரைவிலேயே அத்தொகை 500 ரூபாவாயிற்று. தோட்டப் பெண்ணுக்கு அக்காலத்தில் அது ஒரு மாத உழைப்புக்குக் குறையாத தொகை. இவ்விடத்தில் மிகையான கூற்றுகளைத் தவிர்ப்பது நல்லது. சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்கள் எல்லாரும் பலவந்தப்படுத்தப்பட்டனர் என்று கூறுவது பிழை. பலர் தாமே விரும்பிச் செய்தனர். இடைவிடாப் பேற்றினின்றும் விடுதலை வேண்டினர். அவ்விருப்பத்தை இழிவுபடுத்த எவருக்கும் உரிமையில்லை. ஆனால், பசித்தவள் கையில் ஒரு மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு ‘உன் விருப்பம்’ என்று கூறுவது எத்தகைய விருப்பம்? 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் பட்டினியால் வாடின; பிறந்த 1,000 குழந்தைகளுள் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. அந்நினைவு ஆறுமுன்னரே இத்திட்டம் வந்தது. பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை பிறப்பதற்கு முன், இனிப் பெறாதே என்ற ஆலோசனை வந்து சேர்ந்தது. நிரந்தர முறைக்கு வாகனமும் விடுமுறையும் பணமும் கிடைத்த அளவுக்கு, தற்காலிக முறைகளைப் பற்றிய விளக்கம் லயத்து வாசலை எட்டவில்லை. பிற்காலக் குடித்தொகை, சுகாதார ஆய்வுகளில், தோட்டத்துறைப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடையின் பங்கு நாட்டின் ஏனைய பகுதிகளிலும் வெகுவாக மேலோங்கி நிற்பதன் காரணம் இதுவே. இந்தியாவில் 1975 முதல் 1977 வரை நெருக்கடிநிலைக் காலத்தில் நடந்த கருத்தடை முகாம்கள் ஓர் ஆட்சியைக் கவிழ்க்கத் துணைபுரிந்தன. இங்கு வாக்குரிமையற்றோர் பெருந்தொகையினராக இருந்த ஒரு சமூகத்தினால் எதைக் கவிழ்த்திருக்க முடியும்?

மற்றோர் ஒப்பீடும் கூறத்தக்கது. 2018 இல் அம்பாறையில் உணவிற் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக எழுந்த வதந்தியால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. 2019 இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் பெரும்பான்மையினப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்னும் குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது, அது நிரூபிக்கப்படவில்லை. கற்பனையான கருத்தடைக்கு எழுந்த ஆரவாரத்தில் நூற்றிலொரு பங்கேனும், ஏடறிய, பணம் கொடுத்து, பகிரங்கமாகத் தோட்டங்களில் நடத்தப்பட்ட கருத்தடைக்கு எழவில்லை. யாருடைய பிள்ளை நாட்டின் செல்வம், யாருடைய பிள்ளை நாட்டின் பாரம் என்பதனை இவ்விரு நிகழ்ச்சிகளும் சேர்ந்து காட்டிவிடுகின்றன.

இதனைக் கூறியதும், ‘ஆகவே நமது பெண்கள் கூடுதலாகப் பெறவேண்டும், தொகை குறைந்தால் பிரதிநிதித்துவம் குறையும்’ என்று எழுந்து நிற்போரும் உளர். தமிழ்ச் சங்க மேடைகளிற் கைதட்டல் பெறும் இவ்வாதம், முன்னையதன் மறுபக்கமேயன்றி வேறன்று. இவர்கட்கும் தோட்டப் பெண்ணின் வயிறு ஓர் எண்ணிக்கைக் கருவியே. மாத்தளை மாவட்டத்தில் இந்திய வம்சாவளித் தமிழர் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 5 சதவீதமாயினர். இவ்வீழ்ச்சிக்குத் தாய்மார் பெறத் தவறியது காரணமா? 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் காரணம். 1964 ஒக்டோபரில் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் காரணம்; 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, ‘அவர்தம் இயற்கைப் பெருக்கத்துடன்’ என்று அது எழுதியது. பிறவாத பிள்ளையையும் இரு நாடுகளுக்கிடையே பங்கிட்ட உடன்படிக்கை உலகில் வேறெங்கும் எளிதிற் காணக்கிடைக்காது. 1970களின் காணிச் சீர்திருத்தத்தையடுத்துக் கண்டி, மாத்தளைத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வவுனியாக் காடுகளை நாடியோரும், 1977, 1983 வன்செயல்களின்பின் பெட்டி கட்டியோரும் காரணம். அரசுகள் வெளியேற்றிய இலட்சக்கணக்கானோரைப் பெண்கள் பெற்று ஈடுசெய்ய வேண்டுமென்பது எவ்வளவு மலிவான வீரம்! அவ்வாறு பேசுவோர் தம் வீட்டில் இரண்டோடு நிறுத்திக்கொண்டவர்களாக இருப்பதையும் காணலாம். அதுவும் அவர்தம் உரிமையே. அவ்வுரிமையை லயத்திற்கும் நீட்டினாற் போதும்.

பிள்ளைகளின் தொகை குறைவதற்கு உண்மையில் வழிவகுத்தவை எவை என்பதைக் கேரளமும் தமிழ்நாடும் இலங்கையின் ஏனைய மாவட்டங்களும் முன்னரே காட்டியுள்ளன. பெண் கல்வி, சிசு மரணத்தின் வீழ்ச்சி, பிந்திய திருமணம், கைக்கெட்டிய வைத்தியம் என்பவையே அவை. 1945 இல் நாடு இலவசக் கல்வி பெற்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்பதற்கு 1970களாயின. அந்த ஒரு தலைமுறையின் பிந்துகைக்கு விலையாகச் செலுத்தப்பட்டவை எத்தனை பேறுகள்! பள்ளிக்கூடம் வந்தபின், எவரும் பணம் கொடாமலே, தோட்டத்துப் பெண்களும் தம் குடும்பத்தைத் தாமே அளந்துகொண்டனர். 2006–07 ஆய்வில் தோட்டத்துறையின் கருவள வீதம் ஒரு பெண்ணுக்கு 2.5 ஆகவே இருந்தது. நாட்டுச் சராசரியிலிருந்து சிறிதே மேல். இன்று நாட்டின் பிறப்புகள் 2012 இன் மூன்றரை இலட்சத்திலிருந்து 2024 இல் ஏறத்தாழ 2.2 இலட்சமாகச் சரிந்துள்ளன. ஒரு பிள்ளைச் சட்டத்தை வன்மையாக நடத்திய சீனம் 2021 இல் மூன்றாவது பிள்ளைக்கு அனுமதியளித்துவிட்டுக் காத்திருக்கின்றது. இங்கும் நாளை ‘பெறுங்கள்’ என்னும் சுலோகம் எழலாம். அது எழும்போதும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு பாயை மேலும் விரிக்க இடமுண்டா என்று எவரேனும் அளந்து பார்ப்பரோ என்பது ஐயமே. 2016 ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம். முதலாவதாகவும் இரண்டாவதாகவும் பிறந்தவர்களும் இவர்களுள் அடங்குவர்.

84 நாள் என்று 2018 இல் வென்ற உரிமையும் இப்போது கைநழுவிக்கொண்டிருக்கின்றது. தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கும் வெளியார் உற்பத்தி முறை தோட்டங்களிற் பரவி வருகின்றது. அதன்கீழ் வேலை செய்பவள் தொழிலாளியாகவே பதியப்படுவதில்லை. அவளுக்குச் செக்ரோலிற் பெயரில்லை, சேமலாப நிதியில்லை, பிரசவப் பணமுமில்லை. அவளுடைய முதலாவது பிள்ளைக்கும் விடுமுறை ஒரு நாளுமில்லை.