ஆக்சுவரி ஆகும் ஆசை: ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டுமுன்

பிளஸ் டூ முடிவுகள் வந்தவுடன் பெற்றோரின் கைப்பேசிகளில் விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கும். நீட், ஜே.இ.இ., சி.ஏ. என்று பழகிய பெயர்களுக்கு நடுவே இப்போது புதிதாக ஒரு பெயர் தலைகாட்டுகிறது: ஆக்சுவரி. வீட்டிலிருந்தே படிக்கலாம், கல்லூரிப் படிப்போடு சேர்த்தே முடிக்கலாம், சம்பளமோ லட்சக்கணக்கில் என்கிறார்கள். தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், இடலாக்குடி என்று நம் ஊர்களில் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் வீடுகளுக்கு இந்தப் பேச்சு வந்துவிட்டது. வளைகுடாவில் வேலை செய்யும் வாப்பாமார் அங்கிருந்தே விளம்பரத்தை அனுப்பி, "ஹஜ்ரத், இது கூடுமா?" என்று கேட்கிறார்கள். உம்மாமாரின் கேள்வி வேறு: "இது ஏமாத்து வேலை இல்லையே?"

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் சொல்ல, அந்த வேலை என்னவென்று முதலில் தெரிய வேண்டும்.

எத்தனை பேர் சாவார்கள், எத்தனை பேர் நோயில் விழுவார்கள், எத்தனை வண்டிகள் மோதும், எத்தனை ஏக்கர் பயிர் அழியும் என்பதைக் கடந்த கால விவரங்களை வைத்துக் கணித்து, அதற்கு இன்றைக்கு எவ்வளவு பணம் சேர்த்து வைக்க வேண்டும் என்று சொல்பவர்தான் ஆக்சுவரி. ஒரு தனி மனிதரின் அஜல் எப்போது என்று அவர் சொல்வதில்லை. அது அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரிந்தது. லட்சம் பேர் உள்ள ஒரு கூட்டத்தில் ஓர் ஆண்டில் ஏறக்குறைய எத்தனை மரணம் நிகழும் என்று மட்டுமே அவரால் சொல்ல முடியும். 'இது மறைவான ஞானத்தில் கைவைப்பதில்லையா?' என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை. மழைக்காலம் எப்போது வரும் என்று விவசாயி கணிப்பது போன்றதுதான் இதுவும்.

இந்தத் துறையின் ஆரம்ப வரலாற்றில் நம்மைப் போன்ற மார்க்கப் பணியாளர்களுக்கு ஆர்வமூட்டும் ஒரு சம்பவம் உண்டு. 1744-ல் ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் வெப்ஸ்டர், ராபர்ட் வாலஸ் என்ற இரு பாதிரியார்கள், இறந்துபோகும் பாதிரியார்களின் விதவைகளுக்காக ஒரு நிதியைத் தொடங்கினார்கள். தேவாலயங்களுக்குக் கடிதம் எழுதி விவரம் திரட்டினார்கள். ஒரு சமயத்தில் சுமார் 930 பாதிரியார்கள் உயிரோடு இருப்பார்கள், ஆண்டுக்குச் சராசரியாக 27 பேர் இறப்பார்கள், அவர்களில் 18 பேர் விதவைகளை விட்டுச் செல்வார்கள் என்று கணக்கிட்டார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் கொலின் மெக்லாரின் அந்தக் கணக்கைச் சரிபார்த்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1765-ல் நிதியில் எவ்வளவு இருக்கும் என்று அவர்கள் கணித்ததற்கும் உண்மையில் இருந்ததற்கும் ஒரே ஒரு பவுண்டுதான் வித்தியாசம் என்பார்கள். அந்த நிதி கடன் கொடுத்து வட்டி வாங்கியது. அந்தப் பகுதி நமக்கு ஆகாது. ஆனால் இமாம் ஒருவர் மவுத்தானால் அவருடைய குடும்பத்துக்காகப் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரித்து வசூல் செய்யும் நிலை நம்மிடம் இன்னும் இருக்கிறது என்பதை நினைத்தால், அந்தக் கணக்கு எவ்வளவு மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்பது புரியும்.

இன்று நம் வீட்டுக்குள்ளேயே இந்தக் கணக்கு இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, வாழை விவசாயி கட்டும் பயிர்க் காப்பீடு, நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் பணிக்கொடைக்காக ஒதுக்கும் தொகை எல்லாவற்றின் பின்னாலும் ஓர் ஆக்சுவரியின் கணக்கு உண்டு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தோட்டப் பயிருக்கு விவசாயி கட்டுவது அதிகபட்சம் 5 சதவீதம்தான். உண்மையான பிரீமியம் எவ்வளவு என்று கணித்து, மீதியை அரசுகள் ஏற்கின்றன. நாட்டில் காப்பீட்டுத் துறை விரிந்துகொண்டே போகிறது. அந்நிய முதலீட்டு வரம்பை 74 சதவீதத்திலிருந்து 100 ஆக உயர்த்தப்போவதாக 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆகவே இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது என்று விளம்பரம் சொல்வது பொய்யில்லை.

பொய் வேறு இடத்தில் தொடங்குகிறது. ஆன்லைன் பயிற்சி நிறுவனம் எதுவும் யாரையும் ஆக்சுவரி ஆக்க முடியாது. இந்தியாவில் அந்தத் தகுதியைத் தருவது 2006-ஆம் ஆண்டின் ஆக்சுவரிகள் சட்டப்படி அமைந்த இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம். அதில் சேர 'ஏசெட்' என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்கள் எழுதலாம். ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம், 70 வினாக்கள், 100 மதிப்பெண். ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. கணிதமும் புள்ளியியலும் சேர்ந்தே அறுபது மதிப்பெண். அதைத் தாண்டிய பிறகுதான் உண்மையான மலை தெரியும்: ஃபெல்லோ என்ற முழுத் தகுதிக்கு 13 தாள்கள். நிகழ்தகவு, கடன் மற்றும் முதலீட்டுக் கணிதம், பொருளியல், கணக்கியல் என்று தொடங்கி, ஆயுள், மருத்துவம், ஓய்வூதியம் போன்ற சிறப்புப் பாடங்கள் வரை போகும். பிரிட்டனின் ஆக்சுவரிகள் அமைப்பின் தேர்வுகளையும் நம் பிள்ளைகள் இங்கிருந்தபடியே எழுதுகிறார்கள். அதன் கட்டணம் பவுண்டில்.

இந்தத் தேர்வுகளை ஏழெட்டு ஆண்டுகள் எழுதுவது சாதாரணம். நாடு முழுவதிலும் ஃபெல்லோ நிலையை எட்டியவர்களை நூற்றுக்கணக்கில்தான் எண்ண முடிகிறது. 'ஆள் குறைவு, அதனால் வாய்ப்பு அதிகம்' என்று விளம்பரம் இதைச் சொல்லும். ஆள் ஏன் குறைவு என்று அது சொல்லாது. பாதியில் நின்றவர்கள்தான் அதிகம். இரண்டு மூன்று தாள்கள் தேறியவர்களுக்கே வேலை கிடைத்த காலம் இருந்தது. இன்று நுழைவு நிலையில் கூட்டம் கூடிவிட்டது. மும்பை, பெங்களூரு, குருகிராம் போன்ற ஊர்களில்தான் இந்த வேலைகள் பெரும்பாலும் குவிந்திருக்கின்றன என்பதும் நாகர்கோவில் பிள்ளைகள் அறிய வேண்டிய விஷயம்.

'வேலை உத்தரவாதம்', 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்வது இப்போது விதிமீறல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் இதற்கென்றே வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. வெற்றி பெற்ற மாணவரின் படத்தைப் போட வேண்டுமானால், தேர்ச்சிக்குப் பிறகு அவரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். அவர் எந்த வகுப்பில் எத்தனை காலம் படித்தார் என்றும் சொல்ல வேண்டும். இலவசமாக ஒரு மாதிரித் தேர்வு மட்டும் எழுதிய மாணவரை 'எங்கள் மாணவர்' என்று காட்டும் வித்தைக்கு இது ஒரு கடிவாளம். புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நம் குடும்பங்களை அதிகம் சிக்கவைப்பது கட்டணம் வாங்கும் முறை. மொத்தப் பணமும் இல்லையா, மாதத் தவணையில் கட்டுங்கள், வட்டியே கிடையாது என்பார்கள். பான் எண், ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களை வாங்கிக்கொண்டு ஓ.டி.பி. கேட்பார்கள். பெற்றோர் பயிற்சி நிறுவனத்துக்குத் தவணை கட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் ஒரு நிதி நிறுவனம் அவர்கள் பெயரில் கடன் கொடுத்து, முழுத் தொகையையும் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கும். பிள்ளை மூன்றாம் மாதம் 'எனக்குப் புரியவில்லை' என்று விலகினாலும் கடன் விலகாது. தவணை தவறினால் அபராத வட்டி, சிபில் மதிப்பெண்ணில் கறை. பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே கிடையாது, அந்த வட்டி வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது. குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது என்று மேடைகளில் பேசுகிறோம். அப்படியிருக்க, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் ஓ.டி.பி.யைச் சொல்லிவிடுகிறோம். அவசரத்தில் அப்படிச் செய்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. டிஜிட்டல் கடனில் குறிப்பிட்ட சில நாட்களுக்குள், அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் மட்டும் திருப்பிக் கட்டிவிட்டு, அபராதம் இல்லாமல் வெளியேறும் வசதியை ரிசர்வ் வங்கி 2022-லேயே கட்டாயமாக்கியிருக்கிறது.

இனி, 'கூடுமா' என்ற கேள்விக்கு வருவோம். காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் வணிகக் காப்பீட்டில் வட்டி இருக்கிறது, நிச்சயமின்மை இருக்கிறது, சூதின் சாயல் இருக்கிறது என்பதால் உலமாக்களில் பெரும்பாலோர் அதை மறுக்கிறார்கள். 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீடு கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் தீர்மானித்தது. அந்த இரண்டாவது பாதியை நம் மக்கள் அதிகம் கேள்விப்பட்டதில்லை. அதிலிருந்துதான் தகாஃபுல் வளர்ந்தது. சூடானில் 1979-ல் தொடங்கியது. மலேசியா 1984-ல் தனிச் சட்டமே இயற்றியது. பக்கத்தில் இலங்கையில் அமானா தகாஃபுல் 1999-லிருந்து இயங்குகிறது. தகாஃபுல் நிதியில் ஒவ்வொருவரும் எவ்வளவு தபர்ருஃ செலுத்த வேண்டும், எவ்வளவு இருப்பு வேண்டும், மிச்சத்தில் எவ்வளவைத் திருப்பித் தரலாம் என்று யார் கணக்கிடுவது? அங்கேயும் ஆக்சுவரிதான். மலேசியச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

மதரஸாவில் ஃபராயிள் பாடம் ஓதியவர்களுக்கு இது அந்நியமான கணக்கல்ல. கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டும் வாரிசுகளாக இருந்தால், கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் ஒன்றைத் தாண்டிவிடும். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இந்தச் சிக்கல் எழுந்தபோது, ஆறு பங்கை ஏழாக்கி, எல்லாருடைய பங்கையும் ஒரே விகிதத்தில் குறைத்தார்கள். 'அவ்ல்' என்று ஓதுகிறோமே, அதுதான். நிதி போதாதபோது யாரையும் வெறுங்கையோடு அனுப்பாமல் குறையை எல்லார் மீதும் பங்கிடுவது எப்படி என்பதுதான் கூட்டுறவு நிதி நடத்துபவரின் முன்னாலும் வந்து நிற்கும் கேள்வி. அல்ஜிப்ரா என்ற பெயரையே உலகுக்குத் தந்த அல்குவாரிஸ்மியின் நூலில் ஒரு பெரும் பகுதி வாரிசுப் பங்கீடும் வசிய்யத்தும்தான்.

ஆகவே, கலையைக் கற்பதில் தடை இல்லை என்பதே நம் கருத்து. அதை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் பேணுதல் தேவை. பணிக்கொடை, ஓய்வூதிய மதிப்பீடு, பயிர்க் காப்பீடு, அரசின் மருத்துவத் திட்டங்கள், தகாஃபுல் எனப் பல கதவுகள் இருக்கின்றன. வட்டியில் ஓடும் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசி வடிவமைக்கும் வேலையைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு, 'எல்லாம் ஹலால்தான்' என்று சொல்ல நமக்கு மனமில்லை. இந்தியாவில் தகாஃபுல் நிறுவனம் இல்லை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். தொடக்கப் பயிற்சிக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் வழக்கமான காப்பீட்டு நிறுவனங்கள்தாம். இதைப் பிள்ளையிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. பத்தாவது தாள் எழுதும்போது பேசினால் அது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

பேசாமலே கதவை அடைப்பதும் நம் ஊருக்குப் பழக்கம்தான். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை எதிர்த்த முதலாளியைக் காட்டினாரே, அந்த வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. கணக்கில் சதம் அடிக்கும் பெண் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு, பி.எட்.டைத் தவிர வேறு வழி இருப்பதாக யாரும் சொன்னதில்லை. தாள் தாளாக, இடைவெளி விட்டு எழுதலாம், திருமணம் ஆனபின்னும் தொடரலாம் என்பது இந்தப் படிப்பில் அவர்களுக்குச் சாதகமான அம்சம். மாப்பிள்ளை வீட்டார் இதற்கு உடன்படுவார்களா என்பதை நிக்காஹ் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும்.

பணம் கட்டுமுன் செய்ய வேண்டியது எளிது. ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்.சி.யும் நடத்தும் என்.பி.டெல் தளத்தில் நிகழ்தகவு, புள்ளியியல் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் கட்டணம். மூன்று மாதம் அதைப் பார்க்கட்டும். பிறகு இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள ஏசெட் மாதிரி வினாத்தாளை எடுத்து, அருகிலுள்ள கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியரின் முன்னால் மூன்று மணி நேரம் எழுத வையுங்கள். விடைகளை அவர் திருத்தட்டும். ஐம்பதைத் தொட்டால் தேர்வுக்கு நேரடியாக நிறுவனத்திலேயே பதிவு செய்யலாம். அதற்கு இடைத்தரகர் தேவையில்லை. அதன்பிறகும் வகுப்பு வேண்டுமென்றால், முழுத் தொகுப்பையும் வாங்காமல் ஒரே ஒரு தாளுக்கு மட்டும், கையில் இருக்கும் பணத்தில் சேருங்கள்.