சாகாமம்: காடு யாருடைய கணக்கில்?

அக்கரைப்பற்றில் சாகாமம் வீதி எது என்று கேட்டால் எவரும் கைகாட்டுவார்கள். அந்த வீதிக்குப் பெயர் கொடுத்த ஊருக்குப் போய் வந்தவர்கள் குறைவு.

சாகாமம் கடலோரத்தில் இல்லை. பிரதான வீதிக்கு மேற்கே, திருக்கோவில் பிரதேச செயலாளர் பிரிவின் உட்பகுதியில், குளமும் வயலும் காடும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. கஞ்சிகுடிச்சாறும் ரூபஸ்குளமும் அந்தப் பக்கம்தான்.

1961 வரை இது மட்டக்களப்பு மாவட்டம். அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டதும், கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும் காணி விடயங்களுக்கு, கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த அம்பாறை நகரத்துக் கச்சேரிக்குப் போக வேண்டியதாயிற்று. கல்முனை, அக்கரைப்பற்று மக்களின் இன்றைய நிர்வாகக் குறைகள் பலவற்றின் வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு.

பிறகு போர். இந்த எல்லைப்புற ஊர்களின் மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தார்கள். 2007 ஜனவரியில் விசேட அதிரடிப்படை கஞ்சிகுடிச்சாற்றுப் பகுதியைக் கைப்பற்றியது. ஆட்களில்லாத காணியில் பற்றை வளர்ந்தது, பற்றை காடானது.

சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2001இல் வந்த 5/2001 இலக்கச் சுற்றறிக்கை, எந்தத் திணைக்களத்தின் கீழும் வராத ‘ஏனைய அரச காடுகளை’ வனவளத் திணைக்களத்தின் நிர்வாகத்துக்குக் கொடுத்தது. சேனை செய்து, மாடு மேய்த்து, பிறகு ஓடிப்போனவனின் நிலமும் வரைபடத்தில் காடாகத்தானே தெரியும்? 2020 நவம்பரில் அரசு அதை இரத்துச் செய்தபோது சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்களின் அச்சம் பொய்யல்ல. பெரும் கம்பனிகளுக்கும் அந்தக் கதவு திறக்கும். ஆனால் இடம்பெயர்ந்த விவசாயியின் குரல் அந்த விவாதத்தில் அநேகமாகக் கேட்கவில்லை.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம், போரால் காணிக்குப் போக முடியாதவர்களின் பத்தாண்டுக் கணக்கை நிறுத்திவைத்தது. அது தனியார் உறுதிக் காணிக்கே உதவியது. உட்பகுதியில் பலரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம், அல்லது அதுவுமில்லை.

அப்படியானால் கையில் எதை வைத்துக்கொள்வது? கமநல சேவை நிலையத்தின் பழைய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, 1980களின் வாக்காளர் இடாப்புப் பிரதி, போக ஆரம்பக் கூட்டக் குறிப்பு, வட்டவிதானையின் சாட்சியம். வட்டவிதானைமாரில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அவர்களின் வாக்குமூலத்தைச் சத்தியக்கடதாசியாக எழுதி வாங்குவதற்குப் பெரும்போகம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.