ஓசையும் ஒரு பாதுகாப்பே

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்காவில் கூட்டம் அலைமோதும். அப்படி ஒரு நாளில் நானும் என் பாட்டியும் காய்கறிப் பைகளுடன் டன்லப் தெருவைக் கடக்க நின்றோம். கண்புரையால் பார்வை மங்கியதிலிருந்து பாட்டி தம் காதுகளைத்தான் அதிகம் நம்புகிறார். "வண்டிச் சத்தம் கேட்கலையே, வாப்பா போகலாம்" என்று கூறி, சாலையில் காலை வைத்தார். நான் சட்டென்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். மின்சாரக் கார் ஒன்று எங்களை உரசுவதுபோல் கடந்து சென்றது. அதன் ஓசை எங்கள் இருவர் காதிலும் விழவே இல்லை.

மின்சாரக் கார்கள் புகையைக் கக்குவதில்லை. காதைத் துளைப்பதும் இல்லை. சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டிலிருந்து புதிதாகப் பதிவு செய்யப்படும் கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தியில் இயங்குபவையாக இருக்க வேண்டும். இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும், அமைதி எல்லாருக்கும் நன்மை தருவதில்லை. பார்வையற்றோர் வாகனத்தின் ஓசையைக் கொண்டே அது வரும் திசையையும் வேகத்தையும் கணிக்கின்றனர். மூத்தோரும் சிறுவர்களும்கூட ஓசையைக் கேட்டே விலகுகின்றனர்.

வேகமாகச் செல்லும்போது சக்கரங்கள் சாலையில் உராயும் ஓசை கேட்கும். மெதுவாகச் செல்லும்போதுதான் சிக்கல். இதற்காக, வாகனத்தில் ஒலிபெருக்கி பொருத்தி எச்சரிக்கை ஒலி எழுப்பும் முறை உருவானது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு விதிமுறைப்படி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை இந்த ஒலி கேட்க வேண்டும். வேகம் கூடும்போது ஒலியின் சுருதியும் உயர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின்சாரக் கார்களுக்கும் இதனைக் கட்டாயமாக்கியது.

"இரைச்சல் குறைந்த நகரில் மீண்டும் ஓசையா?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால், இது ஹாரன் ஒலி அன்று. 20 கிலோமீட்டர் வேகத்தில் தேவைப்படும் குறைந்தபட்ச அளவு 56 டெசிபல்தான்; நாம் இயல்பாகப் பேசும் குரலும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். காரில் உள்ள உணர்கருவிகள் தாமாகவே பிரேக் போடுமே என்றும் சிலர் வாதிடலாம். அக்கருவிகள் ஓட்டுநருக்கு உதவுகின்றன. நடந்து செல்பவருக்கோ எந்தத் தகவலையும் தருவதில்லை.

ஆகவே, ஓட்டுநர் விரும்பியபடி அணைத்துவிட முடியாத எச்சரிக்கை ஒலி ஒவ்வொரு மின்சாரக் காரிலும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அது பாடலாகவோ வேடிக்கை ஒலியாகவோ இல்லாமல், வாகனம் வருகிறது என்பதைத் தெளிவாக உணர்த்த வேண்டும்.

ஒலி மட்டும் போதாது என்பதும் உண்மை. வணிகர்களின் குரலும் கடைகளின் பாட்டும் கலந்த தேக்காவில் மெல்லிய ஒலி அமுங்கிவிடக்கூடும். அதனால், குறுகிய தெருக்களில் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்து, நடப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். நாமும் காதொலிக் கருவியைக் கழற்றிவிட்டு, இருபுறமும் பார்த்தே சாலையைக் கடக்க வேண்டும்.

நம்மால் திரும்பிப் பார்க்க முடியும். என் பாட்டியைப் போன்றவர்களுக்குக் காதுதான் கண். அவர்களுக்குக் கேட்காத வாகனம் எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும் பாதுகாப்பானது ஆகாது.