ஐஸ் க்ரீன் டீ சரி, தண்ணீர் எந்தத் தண்ணீர்?

க்ரீன் டீ குடித்தால் இளைக்கலாம் என்று யாரோ சொல்லப் போக, பாலக்கோட்டிலும் அரூரிலும்கூட மளிகைக் கடையில் பச்சை டப்பா வந்து உட்கார்ந்துவிட்டது. கசக்கிறதே, என்ன பண்ணலாம்? சர்க்கரையைக் கொட்டு, எலுமிச்சை பிழி, ஃபிரிட்ஜில் வை. வீட்டு ஐஸ் டீ ரெடி! செய்முறை சொல்கிறவர்கள் இலை எத்தனை ஸ்பூன், சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று எண்ணி எண்ணிச் சொல்கிறார்கள். எந்தத் தண்ணீர் என்று மட்டும் சொல்வதில்லை. வேறு ஊர்களுக்கு அது பரவாயில்லை. தருமபுரி மாவட்டத்தில் முதல் கேள்வியே அதுதான்.

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பலர் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். பல் தேய்க்காததால் வந்த கறை இல்லை அது. பாறைக்குள்ளிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃப்ளூரைடு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பல் கறுக்கும். அளவு இன்னும் ஏறினால் எலும்பும் மூட்டும் இறுகும்.

இப்போது தேயிலைக்கு வருவோம். மண்ணிலிருக்கும் ஃப்ளூரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் செடி அது. கொழுந்தில் குறைவு, முற்றிய இலையில் அதிகம். விலை குறைந்த டீயில் முற்றிய இலை அதிகம் கலந்திருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. போர்வெல் தண்ணீரில் லிட்டருக்கு 2 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். இலையிலிருந்து 1 மி.கி. இறங்கினால் ஜக்கில் 3 மி.கி. எல்லையைப் போல இரண்டு மடங்கு! "நல்லா கொதிக்க வெச்சுத்தானே போடறோம்" என்று ஒரு பதில் வரும். கொதித்தால் கிருமிதான் சாகும். ஃப்ளூரைடு அப்படியே நிற்கும், தண்ணீர் ஆவியாகப் போகப் போக இன்னும் அடர்த்தியாகும்.

சும்மா பயமுறுத்தல் என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் மிச்சிகனைச் சேர்ந்த 47 வயதுப் பெண் ஒருவர், 17 வருடமாகத் தினமும் 100 முதல் 150 டீ பை போட்டு ஒரு ஜக் டீ குடித்து வந்தார். எலும்பில் ஃப்ளூரைடு ஏறியிருந்ததை 2013ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவ்வளவு டீ இங்கே யாரும் குடிப்பதில்லைதான். ஆனால் இங்கே பாதி வேலையைத் தண்ணீரே செய்து வைத்திருக்கிறதே!

சர்க்கரை தனிக்கதை. குளிர்ந்த பானத்தில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத் தெரியும், அதனால் கை தாராளமாகப் போகும். லிட்டருக்குப் பத்து டீஸ்பூன் என்றால் 40 கிராமுக்கு மேல். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் சுமார் 50 கிராம் என்கிறது 2015ல் வந்த உலக சுகாதார நிறுவன அறிக்கை. இளைப்பதற்காக ஆரம்பித்த விஷயம் இது (சிரிக்கக் கூடாது).

இந்த மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஃப்ளூரைடு பாதிப்பைக் குறைப்பது என்பது திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. 2008ல் அடிக்கல், கர்நாடகத்தோடு சண்டை, 2013ல் காவிரித் தண்ணீர். கடன் கொடுத்தது யார் தெரியுமா? ஜப்பான்! க்ரீன் டீயையே வாழ்க்கையாக வைத்திருக்கும் நாடு பணம் கொடுத்து நல்ல தண்ணீருக்கு வழி செய்தது. அந்தத் தண்ணீர் வரும் குழாய் தெருவில் இருக்க, முறை வைத்து விடுகிறார்கள் என்ற அலுப்பில் போர்வெல் மோட்டாரைப் போட்டு டீ வைப்பதை என்னவென்று சொல்வது?

குடித்தே ஆக வேண்டுமென்றால், ஒகேனக்கல் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் ஒரு லிட்டர், இரண்டு டீஸ்பூன் நல்ல இலை. அடுப்பே வேண்டாம். ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் வடிகட்டினால் போதும். கசப்பு அதிகம் இறங்காது, அதனால் சர்க்கரையும் மூன்று ஸ்பூனோடு நிற்கும். எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இதுவும் வேண்டாம். பல்லின் எனாமல் உருவாகிற வயது அது. அவர்களுக்கு அதே காவிரித் தண்ணீர் ஊற்றிக் கரைத்த கேழ்வரகுக் கூழும் மோரும் கொடுக்கலாம், கால்சியமாவது சேரும்.